மழைக்கு உள்ளே வைத்த அடீனியம் மெத்தென்று ஆகிவிட்டதா? அறிகுறி பார்த்துக் காப்பாற்றும் வழி

பொங்கல் முடிந்ததும் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் அடீனியம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. "மழையில நனையவே விடலைங்க, ஹால்லதான் வச்சிருந்தேன். எப்படி அழுகிச்சு?" என்பார்கள். ஹாலில் வைத்ததால்தான் அழுகியது. ஐப்பசியில் உள்ளே வந்த செடிக்கு வெயில் கிடையாது, காற்றோட்டம் கிடையாது. தண்ணீர் மட்டும் கோடையில் ஊற்றிய கணக்கிலேயே போய்க்கொண்டிருக்கும். குடிக்காத செடிக்கு ஊற்றிய தண்ணீர் அப்படியே மண்ணில் நிற்கும். மூன்று மாதம் அப்படி நின்றால் வேர் என்ன செய்யும்?

கீழே உள்ளவை அடீனியத்தை மனதில் வைத்து எழுதியவை. கிழங்கு என்று நான் சொல்வது அதன் பருத்த அடித்தண்டைத்தான். ஜேட், கற்றாழை, சப்பாத்தி வகைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். உங்கள் செடியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

தொடுவதற்கு முன்

தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். செடி வாடித் தெரிந்தாலும் சரி. வாடிய செடியைப் பார்த்ததும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றத் தோன்றும். தாகத்தில் வாடினாலும் அடீனியம் சுருங்கும், வேர் அழுகி வாடினாலும் சுருங்கும். தாகம் என்றால் ஒரு வாரம் தாமதமாக ஊற்றினால் ஒன்றும் ஆகாது. அழுகல் என்றால் அந்த ஒரு சொம்பு முடித்துவிடும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். அடீனியம் அரளிக் குடும்பத்துச் செடி, அதன் பால் நஞ்சு. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்பின் நுனியில் இதன் சாற்றைத் தடவியிருக்கிறார்கள். பால் பட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். குழந்தைகளையும் நாயையும் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

பழைய செய்தித்தாள், கூரான கத்தி அல்லது புது பிளேடு, கத்தியைத் துடைக்க ஸ்பிரிட்டோ சானிடைசரோ, ஒரு மூங்கில் குச்சி. இவ்வளவு போதும். மருந்து, உரம் எதையும் இப்போது வாங்க ஓடாதீர்கள்.

இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, தண்டு கெட்டியாக இருக்கிறது

அதிகம் பயமுறுத்துவதும் இதுதான், பெரும்பாலும் ஒன்றுமில்லாததும் இதுதான். கிழங்கு போலப் பருத்த அடித்தண்டைக் கட்டைவிரலால் நாலு பக்கமும் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் வேர் நன்றாகவே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு ஓய்வெடுப்பது இந்தச் செடியின் குணம். சென்னையில் ஜனவரி இரவு 20 டிகிரியை ஒட்டி நிற்கும். ஓசூர் பக்கம் இன்னும் இறங்கும், அங்கே மொட்டையாகவே நிற்கும்.

சந்தேகம் தீர, ஒரு கிளையின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீர் வேண்டாம், வெளிச்சம் வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை.

மஞ்சளான இலையின் அடிப்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பொடிப்பொடியாகப் புள்ளியும் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் அது செம்பேன். காற்றில்லாத அறைக்குள் அது நன்றாகப் பெருகும். கெட்டியான செடியானால் மண்ணை பாலிதீன் கவரால் மூடிவிட்டு இலைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும்.

கிழங்கு சுற்றிலும் ஒரே மாதிரி அமுங்குகிறது

தோல் நிறம் மாறவில்லை, நாற்றம் இல்லை. ஆனால் காற்று இறங்கிய பந்து போல எல்லாப் பக்கமும் சமமாக அமுங்குகிறது. இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. மூங்கில் குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடி வரை செருகி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே புழுதியாக இருக்கும், அடியில் சேறாக இருக்கும்.

குச்சி காய்ந்து வந்தால்: தாகம். தொட்டியைத் தூக்கினாலும் எடையே இருக்காது. துளை வழியாக வெளியே வரும் அளவுக்கு ஒரே தடவை நிறைய ஊற்றிவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். நாலைந்து நாளில் கிழங்கு விறைக்கத் தொடங்கும். விறைத்தால் கதை முடிந்தது. ஒரு வாரம் ஆகியும் அதே மெத்தென்று இருந்தால் உறிஞ்ச வேர் இல்லை என்று அர்த்தம். அடுத்த பத்திக்கு வாருங்கள்.

குச்சியில் ஈர மண் ஒட்டி வந்தால்: சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தில் இருக்கிறது, அதாவது மெல்லிய வேர்கள் போய்விட்டன. கிழங்கு இன்னும் போகவில்லை. காப்பாற்ற ஏற்ற கட்டம் இதுதான். இன்றே செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். மண்ணை முழுக்க உதிர்த்துவிட்டு வேர்களை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் பிடித்து இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். கெட்ட வேரின் தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிடும், நடுவில் நூல் மட்டும் தொங்கும். கழன்றதை எல்லாம் கத்தரித்துவிட்டு, நிழலில் காற்று படும் இடத்தில் ஒரு வாரம் வெறுமனே போட்டு வையுங்கள். மண்ணில்லாமல் ஒரு வாரமா என்று பதற வேண்டாம். இது பாலைநிலத்துச் செடி. கிழங்கில் தண்ணீர் சேர்த்து வைத்திருப்பதே இப்படிப்பட்ட நாட்களுக்குத்தான். பிறகு நடும் முறைக்குக் கீழே பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று, நிறம் மாறி இருக்கிறது

இதுதான் நிஜமான அழுகல். விரலை வைத்தால் ஓரிடத்தில் மட்டும் உள்ளே போகும். தோல் கருத்தோ, நனைந்த காகிதம் மாதிரி மங்கியோ இருக்கும். சில செடிகளில் அந்த இடத்திலிருந்து பழுப்பு நீர் கசியும், புளித்த வாடை வரும். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நல்ல நாள் பார்த்துச் செய்யும் வேலை இல்லை இது.

செடியை எடுத்து மண்ணைக் கழுவிவிடுங்கள். அடியிலிருந்து கத்தியை வையுங்கள். முதலில் மெத்தென்ற பகுதியைக் கரண்டியால்கூட வழித்து எடுத்துவிடலாம், தயிர் மாதிரி வரும். அதற்கு அப்புறம் பொறுமை தேவை. மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொண்டே மேலே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே அழுகலை மேலே ஏற்றி விடுவீர்கள். ஒவ்வொரு வில்லையை எடுத்ததும் வெட்டிய முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சதை வெள்ளையாக வந்துவிட்டது என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். வெள்ளைச் சதைக்கு நடுவே ஊசி குத்தியது போல ஒரு பழுப்புப் புள்ளியோ, மெல்லிய பழுப்பு வளையமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுகல் இன்னும் மேலே போயிருக்கிறது. மறுபடி சீவுங்கள். புள்ளி முழுக்க மறைந்து, வெட்டிய இடத்தில் பால் துளித்துளியாகச் சுரக்க வேண்டும். பால் வந்தால் உயிருள்ள சதையைத் தொட்டுவிட்டீர்கள். அதற்கு மேலும் ஒரு வில்லை அதிகமாக எடுத்துவிடுவது என் பழக்கம். கஞ்சத்தனம் பார்த்து ஒரு மில்லிமீட்டரை விட்டுவைத்தால் பத்து நாளில் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டி வரும்.

வெட்டுக்காயத்தில் தடவ, கார்பென்டசிமும் மேன்கோசெப்பும் கலந்த பூஞ்சைக்கொல்லித் தூள் எல்லா விதைக் கடையிலும் கிடைக்கும். சாஃப் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினால் போதும். வீட்டில் பட்டைத்தூள் இருந்தால் அதையும் பூசலாம், காயம் சீக்கிரம் உலரும். மஞ்சள் தூளையும் பலர் பூசுகிறார்கள். அதனால் கெடுதல் ஒன்றும் நான் பார்த்ததில்லை, பெரிய நன்மையும் பார்த்ததில்லை. எதைத் தடவினாலும் அழுகிய சதை திரும்ப நல்லதாகாது. குணப்படுத்துவது கத்திதான், தூள் காவல் மட்டும்.

அப்புறம் உலர்த்தல். வெட்டு முகம் எதிலும் படாதபடி, மழையும் நேர் வெயிலும் இல்லாத இடத்தில் கொடிக்கயிற்றில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். சிறிய வெட்டுக்கு ஒரு வாரம், கிழங்கில் பாதி போயிருந்தால் இரண்டு மூன்று வாரம். காயம் மரப்பட்டை போலக் கெட்டித்து, நகத்தால் தட்டினால் சத்தம் வர வேண்டும். நடுவில் ஒரு தடவை வெட்டு முகத்தை எடுத்துப் பாருங்கள். ஓரிடம் மறுபடி ஈரமாக, பழுப்பாகத் தெரிந்தால் திரும்பவும் சீவி, நாட்களை முதலிலிருந்து எண்ணுங்கள்.

நடும்போது பழைய மண்ணையும் கழுவாத பழைய தொட்டியையும் பயன்படுத்தாதீர்கள். ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு குருணையான பொருள், ஒரு கைப்பிடி மட்கிய தொழு உரம். குருணைக்கு உடைத்த செங்கல், கரித்துண்டு, பெர்லைட் எது கிடைத்தாலும் சரி. எம்-சாண்டு என்றால் சல்லடையில் சலித்து மாவைத் தள்ளிவிட்டுக் குருணையை மட்டும் கழுவிப் போடுங்கள். அந்த மாவு இறுகினால் சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. கலவை காய்ந்ததாக இருக்கட்டும். செடியை ஆழமாகப் புதைக்காமல், வெட்டு முகம் மண்ணில் உட்காரும் அளவுக்கு மட்டும் வைத்து, ஆடாதபடி இரண்டு குச்சி நட்டுக் கட்டுங்கள். வேரில்லாத செடி ஆடிக்கொண்டே இருந்தால் புது வேர் பிடிக்காது. முதல் தண்ணீர் ஒரு வாரம் கழித்து, அதுவும் லேசாக.

வேரைப் பார்க்கும்போது வெள்ளைப் பஞ்சு தெரிகிறது

அழுகல் என்று நினைத்து எடுத்த செடியில் சில நேரம் இது இருக்கும். வேர்களிலும் தொட்டியின் உள்சுவரிலும் சுண்ணாம்பு தடவியது போலப் பஞ்சு. வேரைத் தாக்கும் மாவுப்பூச்சி. தொட்டியைச் சுற்றி எறும்பு ஓடிக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சந்தேகப்படலாம். மண்ணை மொத்தமாகக் கொட்டிவிட்டு, வேரை ஓடும் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நாலு நாள் உலரவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். பக்கத்துத் தொட்டிகளையும் ஒன்றிரண்டு எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. இது ஒரு தொட்டியோடு நிற்பது அபூர்வம்.

கிளை நுனி கருத்துக் கீழே இறங்குகிறது

அடியில் கெட்டியாக இருந்து, மேலே கிளை மட்டும் கருத்துச் சுருங்கினால் வேரில் கைவைக்க வேண்டாம். மழைநாளில் கிளை வெட்டிய செடிகளுக்கு அதிகம் வரும். கருப்பு முடியும் இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே, சதை சுத்தமாகத் தெரியும் வரை வெட்டிவிட்டு, அழுகல் பகுதியில் சொன்ன பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவி விடுங்கள். வெட்டிய நுனியில் ஒரு வாரம் தண்ணீர் படக்கூடாது. கிளை வெட்டும் வேலையையே பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளிப்போட்டால் இந்தத் தொல்லை வராது.

வெயிலுக்கு எடுத்த பிறகு தண்டில் திட்டு

மூன்று மாதம் நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மேற்குப் பக்கத்துத் தண்டில் வெளிறிய திட்டு விழும், பிறகு பழுப்பாகும். அழுத்திப் பாருங்கள். காய்ந்து கெட்டியாக இருந்தால் அது வெயில் சுட்ட காயம்தான், வெட்ட வேண்டாம். தொட்டியைத் திருப்பி அந்தப் பக்கத்துக்கு நிழல் கொடுங்கள். திட்டு மென்மையானால் மட்டும் அழுகலுக்கான வழியில் போங்கள். உள்ளிருந்து எடுக்கும் செடிக்கு முதல் வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த வாரம் பதினொரு மணி வரை என்று பழக்கினால் திட்டே விழாது.

வெட்டி நட்ட செடி துளிர்த்தது, அப்புறம் வாடுகிறது

பிழைத்துவிட்டது என்று நம்பித் தண்ணீரைக் கூட்டி, கடைசிக் கட்டத்தில் செடியைப் பறிகொடுப்பவர்கள் நிறைய. வேரே இல்லாமலும் அடீனியம் துளிர்க்கும், கிழங்கில் இருக்கும் சேமிப்பிலிருந்து. துளிரை நம்பாதீர்கள். செடியை இரண்டு விரலால் பிடித்து மிக மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். அசையாமல் மண்ணைப் பிடித்திருந்தால் வேர் வந்துவிட்டது. லேசாக எழும்பினால் இன்னும் இல்லை. வேர் பிடிக்கும் வரை மண் சற்றே ஈரமாகி மறுபடி முழுக்கக் காயும் அளவுக்கு மட்டும் தண்ணீர். உரம் எதுவும் கிடையாது. பஞ்சகவ்யம், மீன் அமிலம், கடலைப்புண்ணாக்குக் கரைசல் எல்லாவற்றையும் செடி நாலைந்து முழு இலை விட்ட பிறகு எடுங்கள்.

பத்து நாளாகியும் மண் காயவே இல்லை

செடி இன்னும் நன்றாக இருக்கலாம், ஆனால் அடுத்த அழுகல் இந்தத் தொட்டியில்தான். செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிட்டு, இரண்டு ஓட்டுத் துண்டுமேல் தொட்டியை உயர்த்தி வையுங்கள். பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும். அடுத்து, துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். வேரோ மண்ணோ அடைத்திருக்கும். பிளாஸ்டிக் தொட்டிகளில் துளை போடாமலே விற்பதும் உண்டு, அடியில் அச்சு மட்டும் இருக்கும், நாம்தான் சூட்டுக்கோலால் துளைக்க வேண்டும். வாங்கி ஒரு வருடம் கழித்துத்தான் பலர் இதைக் கவனிக்கிறார்கள்.

துளை சரி என்றால் மண்ணைப் பாருங்கள். நர்சரிக் கவரிலிருந்து அப்படியே மாற்றி வைத்த செடியில் வேரைச் சுற்றித் தேங்காய்நார்க் கழிவு மட்டும் ஒரு உருண்டையாக இருக்கும். சுற்றிலும் நீங்கள் போட்ட நல்ல மண் காய்ந்துவிடும், நடு உருண்டை மட்டும் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதை உதிர்த்து எடுக்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. கடைசியாகத் தொட்டி. செடியைவிட மூன்று மடங்கு பெரிய தொட்டி அழகாக இருக்கலாம், ஆனால் வேர் எட்டாத மண்ணில் நிற்கும் தண்ணீரை யார் குடிப்பது? கிழங்கைவிட இரண்டு மூன்று விரற்கடை அகலம் போதும். மண்தொட்டியானால் இன்னும் நல்லது. அடியில் ஜல்லி நிரப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஈரம் ஜல்லிக்கு மேலேயே நின்றுகொள்ளும், வேருக்கான இடம்தான் குறையும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

சாதாரண ஒற்றை இதழ் அடீனியத்துக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். ஆள் கேட்கும் கூலியில் புதுச் செடியே வந்துவிடும். ஒட்டுக் கட்டிய அடுக்குப்பூ ரகமோ, பத்துப் பதினைந்து வருடம் வளர்த்த பெரிய கிழங்கோ என்றால் கணக்கு வேறு.

சீவிக்கொண்டே போய் பாதிக் கிழங்கைத் தாண்டியும் பழுப்புப் புள்ளி மறையவில்லை என்றால் வெட்டுவதை நிறுத்துங்கள். மேலே கெட்டியாக இருக்கும் கிளைகளை மட்டும் வெட்டி, பால் வடிந்து நின்றதும் செய்தித்தாளில் சுற்றி, ஒட்டுக் கட்டத் தெரிந்த நர்சரிக்காரரிடம் அன்றோ மறுநாளோ கொண்டுபோங்கள். விதையிலிருந்து வந்த நாற்றின்மேல் உங்கள் ரகத்தை ஒட்டிக் கொடுப்பார். கிளையை நேராக மண்ணில் நட்டாலும் வேர் விடும்தான், ஆனால் விதைச் செடியில் வருகிற அந்தக் குண்டு அடித்தண்டு அதில் அவ்வளவு எளிதாக வராது. அழுகல் ஒட்டுக்கு மேலே ஏறிவிட்டதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். ஏறி, எல்லாக் கிளையின் நடுவிலும் பழுப்பு தெரிந்தால் நர்சரிக்கு அலைந்தும் பயனில்லை.

ஒரே மாதத்தில் நாலைந்து தொட்டி வரிசையாகப் போனால் அது ஒரு செடியின் பிரச்சினை இல்லை, மண்ணிலோ தண்ணீரிலோ ஏதோ இருக்கிறது. மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அழுகிய செடி ஒன்றையும் அதன் மண்ணையும் தனித்தனிக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். போனில் கேட்க வேண்டுமானால் கிசான் கால் சென்டர் 1800-180-1551 இலவச எண், தமிழிலும் பேசலாம். எந்த மருந்தையும் லிட்டர் கணக்கில் கலக்கி எல்லாத் தொட்டிக்கும் ஊற்றுவதை அவர்களிடம் கேட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிப் போட்ட துண்டுகளைத் தெருவோரம் வீசாதீர்கள், ஆடு மாடு தின்றால் ஆபத்து. உரக்குழியிலும் போட வேண்டாம். அந்தச் செய்தித்தாளோடே சுருட்டிக் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள், பழைய மண்ணைக் கோடை வெயிலில் மாடித் தரையில் பரப்பிக் காயவிட்டால் வேறு பூச்செடிகளுக்கு ஆகும்.